வட்டப்பாலையும் வட்டப்பாட்டும்

இசை இறைவன் தந்த வரம் என்பர் சிலர். முற்பிறப்பில் செய்த நல்வினையின் பயன் என்பர் சிலர். இன்ன குடியிற் பிறந்தார்க்கே இயல்பாய் வாய்க்கும் என்பர் வேறு சிலர். மூவர் பேச்சும் வெவ்வேறு போலத் தோன்றும், முடிவு ஒன்றே. பாடுவோர் சிலர், கேட்டுத் தலையாட்டுவோர் பலர் என்னும் ஏற்பாடு என்றும் நிலைக்க வேண்டும் என்பதே அம்முடிவு. ஏழு சுரங்களையும் எவரும் கற்கலாம் என்று தாராளமாக விட்டுக் கொடுப்பவர்கூட, 'சுருதியின் நுட்பம் இருக்கிறதே, அது ஏட்டில் அகப்படாது, அளவில் அடங்காது, பரம்பரையாக வந்த செவிக்கே புலப்படும்' என்று கூறி, முற்றத்தில் இடம் கொடுத்துக் கூடத்தைப் பூட்டிக் கொள்வர்.

அந்தப் பூட்டு மெய்யான பூட்டுத்தானா? சுருதியின் நுட்பம் அளவுக்கு அடங்காத ஒன்றா? இக்கேள்வியை நாம் கச்சேரி மேடையிலிருந்து கேட்கவில்லை. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என நீளும் மலைச்சாலையில், கிளாவரைக்கு முன்னே அமைந்த சிற்றூர் பூண்டி. வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் அம்மண்ணில் சங்கீத சபை இல்லை. இசைக் கல்லூரி இல்லை. உழவர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குரல் இருக்கிறது. அப்பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் ஆசிரியர் என்ற நிலையிலிருந்தே கேட்கிறோம். எண்ணைக் கற்றவன் இசையின் நுட்பத்தையும் கற்க இயலாதா?

இயலும் என்பது நம் துணிபு. அதற்குச் சான்று தமிழரின் பழைய நூலிலும் உண்டு. ஐரோப்பியரின் பழைய பாட்டிலும் உண்டு. நம் மலையடிவாரத் திண்டுக்கல்லில் ஆசிரியராக இருந்த ஒரு பெரியாரின் வாழ்விலும் உண்டு. மூன்றையும் இணைத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு சொற்கள்

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம்.

ஒன்று, அலகு. குரல் என்று தமிழர் அழைத்த ச-வில் தொடங்கி, மேலே மீண்டும் அதே ச வரும் வரை உள்ள தொலைவு ஒரு மண்டிலம். இன்று ஸ்தாயி என வழங்குவது. அம்மண்டிலத்தைப் பன்னிரண்டாகப் பகுத்துக் கட்டை வைத்ததே ஆர்மோனியம். அப்பன்னிரண்டுக்கும் உள்ளே இன்னும் நுண்ணிய படிகள் உண்டு. அவற்றையே பழந்தமிழர் அலகு என்றும் மாத்திரை என்றும், பிற்காலத்தார் சுருதி என்றும் கூறினர்.

மற்றொன்று, வட்டப்பாட்டு. ஒரே பாட்டைப் பலர் பாடுவர்; ஆனால் ஒருசேரத் தொடங்கார். முதலாமவர் முதல் அடியை முடித்து இரண்டாம் அடிக்குச் செல்லும்போது, இரண்டாமவர் முதல் அடியைத் தொடங்குவார், பின்னர் மூன்றாமவர், பின்னர் நான்காமவர். முடித்தவர் மீண்டும் முதலடிக்கு வருவார். பாட்டு ஒன்று, மெட்டு ஒன்று. எனினும் எந்த நொடியில் கேட்டாலும் நான்கு அடிகளும் ஒருங்கே ஒலிக்கும். ஐரோப்பியர் இதனை ரவுண்டு என்பர். நாம் வட்டப்பாட்டு என்போம்.

அலகுக்கும் வட்டப்பாட்டுக்கும் என்ன தொடர்பு? ஒருவர் தனித்துப் பாடும்போது சுரம் ஓர் இழை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் பெரும்பாலோர் அறியார். பாடியவர் 'அதுவே என் பாணி' என்று கூறித் தப்பியும் விடலாம். பலர் குரல் ஒரே நொடியில் சந்திக்கும்போது அப்படித் தப்ப இயலாது. ஒன்றோடொன்று பொருந்தினால் இனிமை, பொருந்தாவிட்டால் உராய்வு. ஆகவே வட்டப்பாட்டு என்பது அலகுக்கு வைக்கப்படும் தேர்வு. தேர்வாளர் ஒருவர் அல்லர், வட்டத்தில் நிற்கும் அனைவருமே.

ஆயர்பாடியில் ஏழு பெண்கள்

சிலப்பதிகாரத்தை 1892இல் உ. வே. சாமிநாதையர் அச்சில் கொண்டு வந்தார். அதன் பின்னரே, தமிழர்க்கென இசையிலக்கணம் ஒன்று இருந்தது என்ற உண்மை கற்றார் பலர்க்குத் தெரிய வந்தது. அக்காப்பியத்தின் ஆய்ச்சியர் குரவையை இசைக் கண்ணோடு நோக்குவோம்.

கோவலன் சிலம்பு விற்க மதுரை புகுந்தான். கண்ணகி நகர்ப்புறத்து ஆயர் சேரியில் மாதரியின் அடைக்கலத்தில் இருக்கிறாள். அன்று குடத்துப் பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை, ஆனின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. தீக்குறி என்று அஞ்சிய மாதரி, குரவைக் கூத்துக்கு ஏற்பாடு செய்கிறாள். ஆயர் மகளிர் எழுவரை வட்டமாக நிறுத்துகிறாள். அவர்களுக்கு அவள் இடும் பெயர்கள் எவை? குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இன்று ச, ரி, க, ம, ப, த, நி என்று நாம் சொல்லும் ஏழும் அங்கே ஏழு பெண்களாகக் கைகோத்து நிற்கின்றன!

அப்பெண்கள் யார்? அரசவை நடிகையர் அல்லர். மோர் கடைந்து மாடு வளர்த்த மகளிர். நரம்பின் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யார் எந்த நிலையில் பிடிப்பது என்பதும் தெரிந்திருந்தது. குரல் மெலிவாகவும், இளி சமமாகவும், துத்தம் வலிவாகவும் ஒலிக்க வேண்டும் என்று காப்பியம் வகுத்துக் காட்டுகிறது. இதனை எண்ணாக எழுதிப் பாருங்கள். குரல் நொடிக்கு 240 அதிர்வு எனக் கொண்டால், அதனினும் ஒன்றரை மடங்கான இளி 360. அந்த இளியினும் ஒன்றரை மடங்கு 540. அதுவே மேல் மண்டிலத்துத் துத்தம். மெலிவு, சமம், வலிவு என்ற வரிசை, ஒன்றரை மடங்கு ஒன்றரை மடங்காக ஏறும் படிக்கட்டாகவே அமைந்து விடுகிறது. சங்கிலியை இன்னும் இரு கண்ணிகள் நீட்டினால் விளரியும் கைக்கிளையும் கிடைக்கும். குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை என்ற ஐந்தையும் ஏறுவரிசையில் அடுக்கினால் வருவதே, ஆய்வாளர் பலர் முல்லைப்பண் எனத் துணியும் இன்றைய மோகனம். குரவையில் அப்பெண்கள் பாட எடுத்ததும் முல்லைப்பண்ணே.

உரைகளில் வழங்கும் மாத்திரைக் கணக்கும் ஒன்று உண்டு. குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2, ஆக 22. இவற்றை வட்டமாக நிறுத்திப் பண் பெயர்க்கும் முறைக்கு வட்டப்பாலை என்று பெயர். பன்னிரண்டு இராசி வீடுகளை வட்டமாக வரைந்து, நரம்புகளை அவற்றில் இருத்தி, குரல் நிற்கும் இடத்தை மாற்ற மாற்றப் புதிய பாலைகள் பிறக்கும். சோதிடன் சாதகம் கணிக்க வரைந்த கட்டத்தைப் பாணன் நரம்பு கணிக்க எடுத்தான். முன்னவன் கையில் பிறந்தது அச்சம். பின்னவன் கையில் பிறந்தது பண்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் கூறிவிட வேண்டும். ஆய்ச்சியர் குரவையில் ஒருத்தி தொடங்க, அடுத்தவள் ஓர் அடி பின்தங்கி அதே பாட்டைத் தொடங்கினாள் என்பதற்குச் சான்று இல்லை. வட்டமாக நின்றனர் என்பது உண்மை. வட்டப்பாட்டுப் பாடினர் என்பது அதனால் மெய்ப்பட்டு விடாது. எல்லாம் எம்மிடமே இருந்தது என்று மார்தட்டும் பழக்கம் பகுத்தறிவுக்கு ஒவ்வாது. வேதத்தில் விமானம் இருந்தது என்பாரை நகைக்கும் நாம், சிலம்பில் ரவுண்டு இருந்தது என்று கூறலாமா? சான்று எவ்வளவோ அவ்வளவே பெருமை. அவ்வளவே போதும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். தீங்கு தீர ஆடிய குரவை தீங்கைத் தீர்க்கவில்லை. குரவை முடிந்ததும் வந்தது கோவலன் கொலையுண்ட செய்தியே. வழிபாடு காக்கவில்லை, ஆனால் அவ்வழிபாட்டினுள் பொதிந்திருந்த இசையறிவு, காலத்தைக் கடந்து நம் கைக்கு வந்து சேர்ந்தது.

சக்கரம் சுழன்ற நாடு

வட்டப்பாட்டுக்குத் திட்டமான சான்று கிடைப்பது இங்கிலாந்திலே. ரெடிங் என்னும் ஊரின் துறவி மடத்தோடு தொடர்புடைய 13ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்று இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. கோடை வந்தது, குயில் கூவுகிறது என்ற பொருளமைந்த நாட்டுப்புறப் பாட்டு அதில் உள்ளது. நால்வர் ஒருவர்பின் ஒருவராகத் தொடங்க வேண்டும். வேறிருவர் கீழே ஒரு சிறு தொடரை மாறி மாறிப் பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்று பாடும் முறையும் இலத்தீனில் எழுதப்பட்டுள்ளது. பாட்டை அது அழைக்கும் பெயர் ரோட்டா, பொருள், சக்கரம். அதே மெட்டுக்குக் கீழே சமயப் பொருளில் இலத்தீன் சொற்களும் எழுதப்பட்டுள்ளன. ஒரே மெட்டு குயிலையும் பாடிற்று, கோயிலையும் பாடிற்று. மெட்டுக்கு மதம் இல்லை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

1609இல் இலண்டனில் தாமஸ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பார் இத்தகைய பாட்டுகளை 'பாமிலியா' என்ற பெயரில் தொகுத்து அச்சிட்டார். அந்நாட்டில் அவ்வகையில் அச்சேறிய முதல் தொகுதி அது. அச்சு வந்ததும் பாட்டு மடத்தைவிட்டு வீட்டுக்கும் வீதிக்கும் வந்தது. நுண்சுரத்திலும் அங்கே முயன்றவர் உண்டு. இத்தாலியர் நிக்கோலா விச்சென்டினோ, மண்டிலத்தை 31 படிகளாகப் பகுத்து இசைக்கும் விசைப்பலகை ஒன்றை அமைத்து, அதன் இலக்கணத்தை 1555இல் ரோமில் நூலாக வெளியிட்டார். கருவியோடு நிற்கவில்லை, பல குரல் பாட்டுகளையும் அந்நுண்படிகளில் இயற்றினார். அதே 31 படிகளில், நெதர்லாந்து நாட்டு இயற்பியலறிஞர் ஆத்ரியான் ஃபாக்கர் வகுத்த ஆர்கன் 1950இல் ஆர்லம் நகரில் நிறுவப்பட்டது.

ஆக, ஒரு பக்கம் அலகைக் கணக்கிட்ட தமிழ் வட்டம். மறுபக்கம் குரல்களைச் சுழலவிட்ட ஆங்கிலச் சக்கரம். இரண்டும் சந்திக்க வேண்டிய இடம் எது? அளவுகோல். அதைத் தமிழ்நாட்டில் துணிந்து கையிலெடுத்தவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

தஞ்சையில் ஓர் அளவுகோல்

நெல்லைச் சீமைச் சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். பழநி மலையின் அடிவாரத்துத் திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பிடில் கற்றதும் அங்கேதான். பின்னர்த் தஞ்சைக்குச் சென்று ஆசிரியப் பணி ஆற்றி, அதனையும் விட்டுச் சித்த மருத்துவத்தில் இறங்கினார். மருந்து விற்றுப் பொருள் குவிந்தது. குவிந்த பொருளை அவர் என் செய்தார்? கோபுரம் எழுப்பினாரா? குடமுழுக்கு நடத்தினாரா? இல்லை. இசை ஆராய்ச்சிக்குச் செலவிட்டார்.

1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தோற்றுவித்தார். 1916க்குள் ஏழு மாநாடுகள் கூட்டினார். வித்துவான்களை அழைத்தார், 'இதோ என் கணக்கு, பிழை இருந்தால் காட்டுங்கள்' என்னும் முறையில் அவர்முன் வைத்தார். 1916இல் பரோடாவில் முதல் அனைத்திந்திய இசை மாநாடு கூடியபோது அங்கும் சென்றார். அப்போது வடக்கே தேவலும் கிளெமண்ட்சும் 22 சுருதிக் கொள்கையை நிலைநாட்டத் தனி ஆர்மோனியமே அமைத்திருந்தனர். பண்டிதர் மறுத்தார். தம் கொள்கையைச் சொல்லால் மட்டும் காட்டவில்லை. தம் வீட்டுப் பெண்டிர் பாடியும் வீணை மீட்டியும் காட்டினர். பெண்கள் மேடையேறிப் பாடுவதையே குற்றமாகக் கருதிய காலம் அது என்பதை மறவாதீர்! 1917இல் ஆயிரம் பக்கங்களை மிஞ்சிய 'கருணாமிர்த சாகரம்' அவருடைய சொந்த அச்சகத்தில் அச்சாகி வெளிவந்தது. 1919இல் அவர் மறைந்தார். இரண்டாம் தொகுதி 1946இல்தான் வெளியாயிற்று.

அவர் கொள்கை யாது? மண்டிலத்தை ஒத்த விகிதமுடைய படிகளாகப் பகுக்க வேண்டும். ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96. அப்படியாயின் சிலம்பின் கணக்கு 22 ஆனது எங்ஙனம்? வட்டப்பாலையில் விளரியிலும் கைக்கிளையிலும் ஓரோர் அலகு குறைத்துப் பாடுவதால், 24இல் இரண்டு போய் 22 என்றார். இதற்கு மாறாக, மட்டக்களப்புப் பகுதிக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், 22 அலகுகளையும் ஒத்த படிகளாக அன்றி, இயற்கை விகிதங்களாகவே கணக்கிட்டார். அவருடைய 'யாழ் நூல்' 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவ்வாண்டிலேயே அடிகள் மறைந்தார்.

ஒருவர் கிறித்தவர், ஒருவர் துறவி. இருவருக்கும் முடிவில் வேறுபாடு, முறையில் ஒற்றுமை. எண்ணை நம்பினர், நரம்பை மீட்டினர், நூலாக எழுதி எல்லார் கையிலும் கொடுத்தனர். 'கேட்டால் தெரியும், சொன்னால் புரியாது' என்ற மறைபொருள் பேச்சுக்கு அவர்கள் இடம் வைக்கவில்லை. அவர்கள் முடிவைவிட அவர்கள் முறையே நமக்குப் பெருஞ்சொத்து.

கைக்கிளை நிற்கும் இடம்

நிற்க. இவ்விருவர் வழக்கையும் பூண்டியின் பள்ளிப் பிள்ளைகளே விசாரிக்கலாம். செலவு மிகக் குறைவு. ஒரு பலகை, இரு முனையிலும் ஆணி, ஓர் எஃகுக் கம்பி, நகர்த்த ஒரு மரக்கட்டை, ஓர் அளவுகோல். அதிரும் கம்பியின் நீளம் 90 செ.மீ. இருக்கட்டும், அதன் ஒலி குரல். கட்டையை 60 செ.மீ.யில் வைத்தால் இளி. 80இல் வைத்தால் துத்தம். 45இல் வைத்தால் மேற்குரல். இவை எவ்வாறு வந்தன என்பதைப் பின்னக் கணக்குக் கற்ற சிறுவன் சொல்லிவிடுவான்.

கைக்கிளைக்கு வரும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. குரல், இளி, துத்தம், விளரி, கைக்கிளை என்று ஒன்றரை மடங்குச் சங்கிலியில் ஏறி வந்தால், கைக்கிளை 71.1 செ.மீ.யில் விழும். குரலையும் இளியையும் ஒருசேர ஒலிக்கவிட்டு, நடுவே மிக இனிமையாகப் பொருந்தும் இடத்தைச் செவியால் தேடினால், கட்டை 72 செ.மீ.யில் நிற்கும்; குரலுக்கு நாலுக்கு ஐந்து என்ற எளிய விகிதம் அது. பண்டிதரின் ஒத்த படிக் கணக்கில் எட்டாம் அலகு 71.4 செ.மீ.யில் விழும், இரண்டுக்கும் இடைப்பட்டது. விபுலானந்தர் வழிச் சென்றால், ஓரத்து இரண்டும் தனித்தனியே இயற்கையான இடங்கள்.

சங்கிலிக் கைக்கிளைக்கும் செவிக் கைக்கிளைக்கும் இடைவெளி 9 மில்லிமீட்டர். ஒரு பூண்டுப் பல்லின் அகலம். பரம்பரைச் செவிக்கே எட்டும் என்று சொல்லப்பட்ட நுட்பம், இதோ, பள்ளிப் பலகையின்மேல் கண்ணுக்கே தெரிகிறது!

காதுக்கும் தெரிய வைக்கலாம். குரல் 240 அதிர்வானால், செவிக் கைக்கிளை 300. சங்கிலிக் கைக்கிளை 303.75. இரண்டையும் இரு கம்பிகளில் ஒருங்கே மீட்டினால், ஒலி நொடிக்கு ஏறக்குறைய நான்கு முறை எழுந்தெழுந்து அடங்கும். இயற்பியல் நூல்கள் இதனை விம்மல் என்னும். அவ்விம்மலைக் கேட்க எந்தக் குலத்தில் பிறந்திருக்க வேண்டும்?

இப்போது வட்டப்பாட்டைக் கட்டுவோம். பண் முல்லை, தாளம் ஆதி, அடி நான்கு, ஓரடிக்கு எட்டு எண்ணிக்கை. முதற்றட்டில் முதலடி குரலிலும், இரண்டாமடி கைக்கிளையிலும், மூன்றாமடி இளியிலும், நான்காமடி மேற்குரலிலும் தொடங்கட்டும். ஐந்தாம் எண்ணிக்கைத் தட்டில் எல்லா அடிகளும் துத்தத்தையோ இளியையோ மட்டும் தொடட்டும். அவை இரண்டும் மூன்றுக்கு நாலு என்ற விகிதத்தில் நட்பாய் நிற்கும். இடைப்பட்ட எண்ணிக்கைகளில் சுரங்கள் தம் போக்கில் நடக்கலாம். ஐந்து சுரப் பண்ணாதலின் கடுமையான மோதல் நேராது. இவ்வளவே இலக்கணம். சொற்களைப் பிள்ளைகளே புனையலாம்: பூண்டு உரிப்பதையோ, மூடுபனி இறங்குவதையோ, பேருந்து வருவதையோ.

பாடத் தொடங்கியதும் வியப்பான ஒன்று நிகழும். இளியையும் குரலையும் காதில் வாங்கிக்கொண்டு கைக்கிளையில் தொடங்கும் சிறுமி, 72 செ.மீ.க்கு உரிய ஒலியை நாடுவாள். விளரியிலிருந்து தாவி அதே கைக்கிளைக்கு இறங்கும் சிறுவன், 71.1க்கு உரிய ஒலியை நாடுவான். இருவரும் பிழை செய்யவில்லை. இருவர் வழியும் இயற்கை வழியே. எனினும் ஒரே நொடியில் சந்தித்தால் விம்மல் எழும். யார் விட்டுக் கொடுப்பது? அதனை வட்டம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நெடிது நிற்கும் இடமாயின் 72. கடந்து செல்லும் இடமாயின் எதுவும் ஆகலாம். அல்லது அவ்விடத்தில் அடியையே மாற்றி இயற்றலாம். இயற்றுதல் என்பதே இதுதான். அலகு வேறுபாட்டை அறியாமல் வட்டப்பாட்டை நன்கு இயற்ற இயலாது. வட்டப்பாட்டைப் பாடாமல் அலகு வேறுபாட்டை எளிதில் அறிய இயலாது.

தடை சொல்வார்க்கு விடை

'தமிழிசையின் உயிர் கமகம். சுரம் அசைந்துகொண்டே இருக்கும். அதனை நிறுத்திவைத்துப் பலர் பாடுவது நம் மரபைக் கொல்வதாகும்' என்பர் ஒரு சாரார். கமகத்தை எவரும் கொல்ல வேண்டா. அசைவு எந்த இடத்தைச் சுற்றி அசைகிறது என்பதை அறிந்தவன் இன்னும் அழகாக அசைப்பான். தனிப்பாட்டுக்குத் தனி அழகு. கூட்டுப்பாட்டுக்கு அதன் அழகு. ஒன்று வாழ மற்றொன்று சாக வேண்டும் என்பது என்ன நியாயம்?

பல குரல் சேர்ந்திசைப்பது தமிழுக்கு ஒவ்வாது என்ற கூற்றும் பொய்யாகிவிட்டது. எம். பி. சீனிவாசன் (1925–1988) சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைக் கொண்டு பாரதியின் பாட்டுகளைப் பல குரலில் ஒலிக்கச் செய்தார்; பெருந்திரளான பள்ளிப் பிள்ளைகளையும் ஒருங்கே பாட வைத்தார். தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராசா, 1986இல் வெளியிட்ட தம் இசைத்தொகுப்பில் பாக் என்னும் செருமானிய இசையறிஞரின் இசையையும் தமிழகத்து இராகத்தையும் எதிரெதிரே நிறுத்திப் பேச வைத்தார்.

'நுட்பம் எல்லார்க்கும் வேண்டா' என்பார் இன்னொரு சாரார். இவ்வெண்ணம் என்ன செய்யும் என்பதற்கு வரலாறே சான்று. ஆர்மோனியத்தின் கட்டைகள் நம் சுருதிக்கு ஒவ்வா, சுரத்தை அது வளைக்காது என்று காரணம் காட்டி 1940இல் அனைத்திந்திய வானொலி அக்கருவியை விலக்கிற்று. அத்தடை தளரத் தொடங்கியது 1971இல். கூறிய குறை பொய்யன்று. பன்னிரண்டு கட்டைகளில் கைக்கிளையின் இரண்டு இடங்களும் இல்லைதான். ஆயின் நாடகக் கொட்டகையிலும் தெருக்கூட்டத்திலும் ஏழை மக்களுக்கு இசை ஊட்டிய கருவியைத் தள்ளிவைத்தவர்கள், அக்கருவி காட்டாத அலகை அம்மக்களுக்குக் கற்பிக்க என்ன ஏற்பாடு செய்தார்கள்? கருவியைத் தடுத்தனர், கல்வியைக் கொடுக்கவில்லை. அலகு அங்கே அளவாக இல்லை, வேலியாக இருந்தது.

மொழியிலும் இதே கதைதான். தமிழ் மேடையில் தமிழ்ப்பாட்டுக்கு இடம் வேண்டும் என்று கேட்பதற்கே 1941இல் அண்ணாமலை நகரில் மாநாடு கூட வேண்டியிருந்தது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைக்க வேண்டியிருந்தது. 'இசைக்கு மொழி ஏது?' என்று அன்று கேட்டவர்கள், மேடையில் தமிழைத் துக்கடாவாகக் கடைசியில் வைத்தவர்களே. அப்போராட்டம் தமிழ்ச் சொல்லை மேடைக்கு ஏற்றிற்று. தமிழ் அலகைப் பள்ளிக்கு ஏற்றும் பணி மிச்சம் இருக்கிறது.

செய்ய வேண்டியது

தோழர்களே! பகுத்தறிவு என்பது பழங்கதையை மறுப்பதோடு முடிவதன்று. அளந்து பார்க்கும் பழக்கத்தை வளர்ப்பதும் அதுவே. இசையை அளந்தால் இனிமை குன்றிவிடும் என்று அஞ்ச வேண்டா. நிலவின் தொலைவை அளந்தபின் நிலவு மங்கிற்றா?

நம் படிப்பகங்களும் மன்றங்களும் ஒன்று செய்யலாம். பேச்சுப்போட்டி நடத்தும் மேடையில் ஒரு பலகையும் கம்பியும் வைக்கலாம். கணக்கு ஆசிரியரையும் பாட்டு ஆசிரியரையும் ஒரே வகுப்பில் நிற்க வைக்கலாம். ஏழு பிள்ளைகளைக் கைகோத்து வட்டமாக நிறுத்தி, குரல் என்றும் இளி என்றும் பெயரிட்டு, ஒருவர்பின் ஒருவராகப் பாட விடலாம். அவ்வட்டத்தில் முதலிடம் எது, கடைசி இடம் எது என்று காட்ட எவராலும் இயலாது. அடுத்தவர் குரலைக் கேட்காமல் தன் குரலை மட்டும் உயர்த்துகிறவன் அங்கே உடனே தெரிந்துவிடுவான். அடுத்தவருக்கு அஞ்சித் தன் குரலை விழுங்குகிறவனும் தெரிந்துவிடுவான். தானும் ஒலித்து, பிறரையும் ஒலிக்கவிட்டு, பொருத்தத்தைத் தானே தேடிக் கொள்ளும் பயிற்சி அது. சமத்துவத்தைப் பாடமாக நடத்தலாம், பாட்டாகவும் நடத்தலாம்.

பண்டிதரின் 24 வெல்லுமா, அடிகளின் 22 வெல்லுமா என்பதைக் கம்பியும் காதும் சொல்லட்டும். சொல்ல வேண்டியது பூண்டியின் பிள்ளையானாலும் சென்னையின் வித்துவானானாலும் அளவுகோல் ஒன்றே. அந்த அளவுகோலைப் பிள்ளைகள் கையில் கொடுப்போம்; கூடத்தின் பூட்டு தானே திறக்கும்!